ஏப்ரலில் வாங்கிய மலை

இந்த ஊரில் பனிக்காலத்தை ஏப்ரல் மாதத்தில் வாங்க வேண்டும். இது எனக்குத் தெரிய வந்தபோது நான் மொன்றியலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீதியோரப் பனி கறுத்துக் கரைந்து, அதற்குள் புதைந்து கிடந்த குப்பையெல்லாம் வெளியே தெரிகிற நேரம் அது. இனிக் கண்ணிலேயே படாதே என்று குளிர்ச்சட்டைகளைத் துவைத்து மடிக்கிற நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் பனிச்சறுக்கு விளையாடுகிற ஸ்கீ மலைக்காரர்கள் அடுத்த பனிக்காலத்துக்கான சீசன் பாஸை மலிவாக விற்கிறார்கள். மாணவருக்கு ஒரு விலை, குடும்பத்துக்கு ஒரு விலை, ஏப்ரல் முடிந்தால் இன்னொரு விலை, இலை உதிரத் தொடங்கினால் வேறு விலை. பனி விழுந்த பிறகு போய் நின்றால் வாயைப் பிளக்க வைக்கிற விலை. விவரம் தெரிந்த சனம் முதலிலேயே வாங்கிவிடும். எங்களுக்கு அந்த நேரத்தில் கையில் காசும் இருப்பதில்லை, பனியைப் பற்றி யோசிக்க மனமும் இருப்பதில்லை.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, போனை நீட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமையோட விலை ஏறுது. எல்லாரும் எடுக்கினம்."

எல்லாரும் என்றது அவளுடைய வகுப்பில் நான்கு பெண் பிள்ளைகள். என் மகள் இலேசில் யாரோடும் ஒட்டுகிறவள் அல்ல. சின்ன வகுப்புகளில் வருடக்கணக்காகத் தனியே திரிந்த பிள்ளை. அந்தக் காலத்தில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டிருக்கிறாள். செகண்டரிக்குப் போய் இந்த நான்கு பேரும் கிடைத்த பிறகுதான் அவள் வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடத்துக் கதை சொல்லத் தொடங்கினாள். யார் யாரோடு கோபம், யார் எந்த ஆசிரியரைப் போல நடித்துக் காட்டினாள் என்று சாப்பாட்டு மேசையில் மூச்சு விடாமல் சொல்லுவாள். இவருக்கு, அவளுடைய தகப்பனுக்கு, அதில் பாதி விளங்காது. எனக்கும் பெயர்கள் குழம்பும். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

அந்த நான்கு பேரும் வடக்கே இருக்கும் ஒரு பெரிய மலைக்குப் பாஸ் எடுக்கிறார்கள். சனிக்கிழமைகளில் ஒரு தாய் தன் வான் வண்டியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவாளாம். எங்களுடையது சின்னக் கார் என்பதால் நாங்கள் முறைக்குக் கார் ஓட வேண்டியதில்லை என்றும் அவள் சொல்லிவிட்டாளாம். மகளுக்குத் தேவையானது ஒரே ஒரு மாணவர் பாஸ். ஸ்கீக் கட்டைகளுக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சேர்த்த காசு தன்னிடம் இருக்கிறது என்றாள். பாஸின் விலையை நான் இரண்டு தரம் பார்த்தேன். ஒரு பிள்ளை பனியில் வழுக்குவதற்கு இவ்வளவா? ஆனால் சனிக்கிழமை காலையில் யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போய்ப் பொழுதுபட இறக்கிவிட்டால் நான் மத்தியானம் வரை நித்திரை கொள்ளலாம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. நான் கார்ட்ரியில் வேலை செய்கிறேன், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில். என்னைப் போன்றவர்களுக்குச் சனிக்கிழமைக் காலை என்றால் என்ன என்று அதே வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இவரிடம் சொன்னேன். இவர் லாசாலில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி தூக்குகிற போர்க்லிஃப்ட் வண்டி ஓடுகிறவர். நல்ல மனிதர். ஆனால் தனியாக ஒரு பொருளும் வாங்க மாட்டார். எங்கள் சனத்துக்கே இந்தப் பழக்கம் உண்டு. ஊரில் ஒரு ஆட்டை அடித்துப் பத்து வீடு பங்கு போட்டுக்கொண்டு போவோம், பங்கு இறைச்சி என்று. இங்கே வந்த பிறகு போன் இணைப்பு, காருக்குப் பனிக்காலச் சில்லுகள், அரிசி மூட்டை எல்லாவற்றையும் அதே மாதிரித்தான் வாங்குகிறோம். கூட்டமாகப் போனால் கடைக்காரன் இறங்கி வருவான் என்ற நம்பிக்கை. இதற்கெல்லாம் முன்னால் நிற்கிறவர் லொங்குய்யில் இருக்கிற ஒரு அண்ணை. இவர் அன்று இரவே அவருக்குப் போன் அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, தனிப் பாஸ் எடுத்து விசர் வேலை பாக்காதை," என்றார் அண்ணை. "ஆத்துக்கு இஞ்சால, எங்கட தென்கரைப் பக்கம் ஒரு மலை இருக்கு. நான் கதைச்சுப் போட்டன். பத்துக் குடும்பம் சேர்ந்தால் குடும்பத்துக்கெண்டு ஒரு விலை போட்டுத் தாறாங்கள். தாய், தேப்பன், பிள்ளை எல்லாருக்கும்."

"அண்ணை, பிள்ளை கேட்டது வடக்கில இருக்கிற மலை," என்று நான் குறுக்கே சொன்னேன்.

"தங்கச்சி, ஸ்னோ எல்லா இடமும் வெள்ளைதானே?"

இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவள் தன்ர சிநேகிதப் பிள்ளையளோட போக ஆசைப்படுறாள், அண்ணை."

"இஞ்சயும் எங்கட பிள்ளையள் வருகுதுகள்தானே. சிநேகிதம் பேந்து தன்ரபாட்டில வரும்."

எங்கட பிள்ளையள் என்றது மூக்கு ஒழுகுகிற சின்னப் பொடியள். என் மகளோடு ஒத்த வயதில் அந்தப் பத்துக் குடும்பத்திலும் ஒரு பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை நான் இவரோடு மல்லுக்கட்டினேன். "முழுக் குடும்பத்துக்கும் இவ்வளவுதான். இதைவிடக் கொஞ்சம் குறையக் குடுத்து அவளுக்கு மட்டும் எடுக்கச் சொல்லுறீரோ?" என்று இவர் கேட்டார். கணக்கு என்னவோ அவர் பக்கம்தான் இருந்தது. அந்த மலைக்காரர்கள் எங்களைப் போன்றவர்களை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். குடும்பம் என்று ஒரு சொல்லைப் போட்டால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்போம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"எனக்கேன் பாஸ்? நான் எங்க ஸ்கீ பண்ணப் போறன்?" என்றேன்.

"அது சும்மா வருது," என்றார்.

மகளிடம் இவரே சொன்னார். "மெர்சி, பப்பா," என்றாள். அவள் தகப்பனோடு பிரெஞ்சில் பேசினால் மனதுக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இவருக்கு அது தெரியாது. பிள்ளை நன்றி சொன்னாள் என்று சந்தோஷப்பட்டார்.

பனி வந்தது. பழைய ஸ்கீக் கட்டைகள் இரண்டு சோடி வாங்கினோம், ஒன்று மகளுக்கு, ஒன்று இவருக்கு. பாஸ் இருக்கும்போது ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று இவருக்கும் ஆசை வந்துவிட்டது. வாங்கியதோடு விட்டாரா? புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைப்பதுபோல, அந்தக் கட்டைகளையும் டொலார்ட் பக்கமிருக்கிற முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனார். ஐயர் கட்டைகளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். காருக்கென்றால் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கலாம். இதற்கு எங்கே வைப்பது? கடைசியில் கட்டைகளின் நுனியில் சந்தனமும் குங்குமமும் பூசி, பிடிதடிகளில் நூல் கட்டிக் கொடுத்தார். மகள் காரை விட்டு இறங்கவே இல்லை. தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

முதல் சனிக்கிழமை பத்துக் குடும்பமும் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு பெரிய மண்டபம். வெளியே வழுக்கி விளையாடிவிட்டு வருகிறவர்கள் அங்கே இருந்து சாப்பிடலாம். நாங்கள் நான்கு நீள மேசைகளைப் பிடித்துக்கொண்டோம். பிட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், முட்டை, சம்பல், பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி. மற்றச் சனம் சான்ட்விச்சைக் கடித்துக்கொண்டு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தாய்மார் யாரும் ஸ்கீக் கட்டைகளைத் தொடவில்லை. ஆண்கள் பனிக்குள் நின்று வீடியோ எடுத்தார்கள். மகள் மேலே இருந்து இறங்கி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "பிள்ளை, விழுந்திடாதை!" என்று கத்துவார். அவள் மற்றப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு போவாள்.

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். மாணவர் விலை இன்னும் மலிவு என்று அண்ணை அவளையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தார். அவள் கொண்டைபோலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, முதல் சரிவிலேயே குந்தியிருந்துவிட்டாள். நான் வெளியே போய்க் கைகொடுத்துத் தூக்கினேன்.

"அக்கா, ஃப்ரிட்ஜைத் திறந்தாலே எனக்குத் தும்மல் வரும். என்னை யாரு இதுல சேரச் சொன்னாங்க?"

"பேந்து ஏன் சேர்ந்தனீர்?"

"இப்ப விட்டா நவம்பர்ல டபுளாகும்னு சொன்னாங்கக்கா. விட மனசு வரல."

அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. பாஸை யாருக்காவது விற்கப் பார்த்தாள், அதில் அவளுடைய படம் ஒட்டியிருந்தபடியால் யாரும் வாங்கவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு கோப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பாஸுக்குப் போன காசைப் பிடிக்க வேண்டுமே.

தை பிறக்க மற்றக் குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குப் பிறந்தநாள் விழா, ஒருவருக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. லொங்குய் அண்ணை இரண்டாம் கிழமையே முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார். கடைசியில் நாங்கள் மட்டும்தான் மிஞ்சினோம். இவர் விடுகிறதாக இல்லை.

"எடுத்த பாஸ் வீணாப் போகக் கூடாது. கெதியா வெளிக்கிடுங்கோ."

கார்ட்ரியில் நான் என்ன செய்கிறேன் என்றால், கிழமை முழுக்கக் குழந்தைகளுக்குப் பனிச்சட்டை மாட்டுகிறேன். காலையில் வெளியே விளையாட விடுவதற்கு முன் மாட்ட வேண்டும், வந்ததும் கழற்ற வேண்டும், பின்னேரம் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு குழந்தைக்கு மாட்டி முடித்து அடுத்ததுக்குத் திரும்ப, முதல் குழந்தை சலம் போக வேண்டும் என்று சொல்லும். கையுறைக்குள் பெருவிரலைத் தேடித் தேடி என் விரல்கள் செத்துப்போகும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. சனிக்கிழமை விடிவதற்கு முன் எழுந்து திரும்பவும் சட்டை, சப்பாத்து, கையுறை. காரில் போகும்போது பாலத்திலேயே எனக்கு நித்திரை வந்துவிடும். மண்டபத்தில் ஒரு மூலையில் இருந்து மேசையில் தலையை வைத்துப் படுப்பேன். கழுத்தில் என் பாஸ் தொங்கும். அதில் இருக்கிற என் படத்தைப் பார்த்தால் யாரோ செத்த வீட்டில் எடுத்த மாதிரி இருக்கும். அந்தப் பாஸ் ஒருநாளும், மேலே ஏற்றிக்கொண்டு போகிற லிஃப்டின் வாசலைக் கண்டதில்லை.

ஆனால் இவர் விஷயம் வேறு மாதிரி நடந்தது. முதல் இரண்டு மூன்று கிழமை விழுந்து எழும்பினார். பிறகு மகள் அவரைச் சின்னப் பிள்ளைகளின் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினாள். ஒரு சனிக்கிழமை நான் கண்ணாடியால் பார்க்கிறேன், இந்த மனிதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, குருவி கலைக்கிற வயல் வெருளி நடந்து வந்த மாதிரி, சிரித்துச் சிரித்து இறங்கி வருகிறார். அவரை அப்படிச் சிரிக்க நான் எப்போது கண்டேன் என்று யோசித்தேன். தொழிற்சாலை, வீடு, கடன், ஊருக்கு அனுப்புகிற காசு என்று இவ்வளவு வருடம் போன மனிதர். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு, வர மாட்டேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது காரில் இவர் அன்றைக்கு இறங்கியதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார். மகள் பின்னால் இருந்து போனைப் பார்ப்பாள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அந்த நான்கு பேரும் வடக்கு மலையில், கம்பியில் தொங்கி மேலே போகிற கதிரை லிஃப்டில் நெருக்கியடித்து இருந்து எடுத்த படம். கதிரையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விருப்பம் என்று இதயத்தை அமத்தவும் இல்லை, அடுத்த படத்துக்குப் போகவும் இல்லை. நான் முன்பக்கம் திரும்பிவிட்டேன்.

மாசி மாதம் அந்த நால்வரில் ஒருத்திக்குப் பதினாறாவது பிறந்தநாள். சனிக்கிழமை எல்லாரும் அங்கே ஸ்கீ பண்ணி, பொழுதுபட அங்கேயே சாப்பிட்டு வருவதாக ஏற்பாடு. மகளையும் கூப்பிட்டிருந்தார்கள். பாஸ் இல்லாதவள் ஒருநாள் டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட்டின் விலையைக் கேட்ட இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இஞ்ச வருஷம் முழுக்கப் பாஸ் இருக்கேக்க, அங்க ஒரு நாளுக்கு அவ்வளவு காசோ? அந்தப் பிள்ளையளை ஒருக்கா எங்கட மலைக்கு வரச் சொல்லன்."

அவள் தலையாட்டினாள். நான் குளியலறைக்குள் அவளைக் கூப்பிட்டு, என் கைப்பையிலிருந்த காசை அவளுடைய கைக்குள் திணித்தேன்.

"நீ போ. அப்பாவோட நான் கதைக்கிறன்."

"வேண்டாம், அம்மா."

"ஏன் வேண்டாம்? எனக்குத் தெரியும் நீ போக ஆசைப்படுறாய் எண்டு."

காசை என் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள். "நான் போகாட்டி அப்பா தனிய மேல ஏறுவார். அவருக்கு இன்னும் நிப்பாட்டத் தெரியாது."

அந்தச் சனிக்கிழமையும் தென்கரை மலைக்குத்தான் போனோம். மழையும் பனியும் கலந்து கொட்டியது. இவரும் மகளும் நனைந்துபோய் வந்து, நடுங்கிக்கொண்டே தேத்தண்ணி குடித்தார்கள். அவள் அன்றைக்குப் போனைக் கையிலேயே எடுக்கவில்லை. எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. இவர் மேலா, லொங்குய் அண்ணை மேலா, ஒருதரம் வாங்கிவிட்டால் வேறெங்கும் போகவிடாமல் பிடித்துக் கட்டிவைக்கிற அந்த அட்டை மேலா? எல்லார் மேலும்தான். ஆனால் கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பிறகு வேறு அழைப்பு ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் பள்ளிக்கூடத்துக் கதைகள் குறைந்துகொண்டு வந்தன. பரீட்சைக் காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பவும் ஏப்ரல் வந்தது. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். இவரைக் காருக்குள் வைத்துக் கதைத்தேன், அங்கே இருந்தால் எழுந்து போக முடியாது. பிள்ளைக்கு வருகிற வருடம்தான் பள்ளிக்கூடத்தில் கடைசி, வடக்கு மலைக்கு மாணவர் பாஸ், அவளுக்கு மட்டும், அண்ணையிடம் கேட்கக் கூடாது என்று சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் இவர் உடனே சரி என்றார். ஓவர்டைம் செய்து கொஞ்சம் வைத்திருக்கிறாராம். "அவள் என்னோட எவ்வளவு தரம் வந்தவள்," என்றார். அந்த நேரம் இவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இவரே போனை எடுத்து, அந்த மலையின் பக்கத்தைத் திறந்து, மகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தமுறை உன்ர மலை. பேரையும் பிறந்த திகதியையும் அடி, நான் காசைக் கட்டுறன்."

அவள் அதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வேண்டாம், அப்பா."

"ஏன்? காசுக்கு யோசிக்காதை."

"காசுக்காக இல்லை. அவையளோட நான் இப்ப பெரிசாக் கதைக்கிறேல்லை."

"சண்டையோ?" என்று நான் கேட்டேன்.

"சண்டை ஒண்டும் இல்லை. அவை எப்பவும் மலையில நடந்ததைத்தான் கதைப்பினம். நான் அங்க இல்லைத்தானே. கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தன். பேந்து சாப்பிடேக்க வேற மேசைக்குப் போயிட்டன்."

"அந்த மேசையில ஆர்?"

"ஒருத்தரும் இல்லை, அம்மா. அங்க சத்தம் இல்லை, படிக்கலாம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே, காலநிலை சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு போனைத் தகப்பன் பக்கம் தள்ளினாள்.

"எங்கட மலைக்கே எடுங்கோ. அதுதானே மலிவு. நானும் நீங்களும் போவம்."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீரோ," என்று என்னைப் பார்த்துச் சொன்னார், "பிள்ளைக்கு என்னோட வரத்தான் விருப்பம்." உடனேயே விரலால் தட்டித் தட்டி வாங்கத் தொடங்கிவிட்டார். குடும்பப் பாஸா தனித்தனியா, எனக்கும் சேர்த்துப் போடுவதா என்று கேட்டார். போடுங்கோ என்றேன். அவரைக் குழப்ப எனக்கு மனமும் வரவில்லை, தெம்பும் இருக்கவில்லை. மகள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். என் பிள்ளை மத்தியானச் சாப்பாட்டைத் தனியே இருந்து சாப்பிடுகிறாள். எப்போதிருந்து என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். பதிலை நினைக்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.